எழுதுகோலும் அமானிதமும்: ஸைத் இப்னு ஸாபித் (ரலி)

  

நபித்தோழர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசுமாறு இந்த அறக்கட்டளையினர் என்னைப் பணித்தார்கள். தோழர்கள் என்றதும் நம் மேடைகளில் களம் கண்ட வீரர்களும் கொடுமை தாங்கிய தியாகிகளும்தான் முதலில் வந்து நிற்பார்கள். பிலால் (ரலி) அவர்களின் பொறுமையையும் ஹம்ஸா (ரலி) அவர்களின் வீரத்தையும் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் எழுதுகோல் பிடித்த தோழர். உலகெங்கும் இன்று ஓதப்படும் திருக்குர்ஆன் நூல் வடிவில் திரட்டப்பட்டபோது அந்தப் பணியைத் தம் தோளில் சுமந்தவர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள்.

அவருடைய வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கற்ற கல்வி கற்றவனின் சொத்து ஆகாது; அது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைக் காப்பவன் தன் நினைவாற்றலைக்கூடக் கண்மூடி நம்பக் கூடாது. இதை ஸைத் (ரலி) அவர்கள் சொல்லிக் காட்டியதைவிடச் செய்து காட்டியதே அதிகம்.

யத்ரிபின் தந்தையற்ற சிறுவன்

மதீனா நகரம் யத்ரிப் என்று அழைக்கப்பட்ட காலம். அங்கிருந்த அவ்ஸ், கஸ்ரஜ் என்னும் இரு குலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன. அவற்றின் கடைசிப் பெரும்போர் புஆஸ். ஹிஜ்ரத்துக்குச் சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்தப் போரில் ஸைதின் தந்தை ஸாபித் கொல்லப்பட்டார். அப்போது ஸைதுக்கு ஆறு வயது. கஸ்ரஜ் குலத்தின் நஜ்ஜார் கிளையைச் சேர்ந்த குடும்பம் அது. தாயார் நவார் பின்த் மாலிக் அவரை வளர்த்தார்.

கி.பி. 622 இல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்து அபூ அய்யூப் (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். அந்த வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்த அன்பளிப்பு, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு நெய்யும் பாலும் சேர்த்த ஒரு பாத்திர உணவு என்று வரலாற்றாசிரியர் இப்னு சஅத் பதிவு செய்கிறார். அனுப்பியவர் நவார். சுமந்து வந்தவர் பதினொரு வயது ஸைத். அந்தச் சிறுவனை அவன் குலத்தார் நபியவர்களிடம் அறிமுகப்படுத்தியபோது, அவனுக்குப் பதினேழு அத்தியாயங்கள் மனப்பாடம் என்று சொன்னார்கள். அவன் ஓதிக் காட்டினான். நபியவர்கள் மகிழ்ந்தார்கள்.

சிறுவனின் ஆசையோ போர்க்களம். பத்ருக்குப் போக முடியவில்லை. உஹதுக்கும் அனுமதி கிடைக்கவில்லை. வயது போதவில்லை. கி.பி. 627 இல் அகழ்ப் போரில்தான் அனுமதி கிடைத்தது. மண் சுமந்து களைத்து அகழியின் ஓரத்திலேயே தூங்கிவிட்டார். உமாரா இப்னு ஹஸ்ம் (ரலி) விளையாட்டாக அவருடைய ஆயுதங்களை எடுத்து மறைத்துவைத்தார். நபியவர்கள் ஸைதைச் செல்லமாகத் தூங்குமூஞ்சி என்று அழைத்தார்கள். அத்துடன், ஒரு முஸ்லிமை இப்படித் திடுக்கிட வைப்பதையும் விளையாட்டுக்காக அவன் பொருளை எடுப்பதையும் தடை செய்தார்கள்.

பத்ரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் மீட்புப் பணம் இல்லாதவர்கள், மதீனாவின் சிறுவர்கள் பத்துப் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றார்கள். அப்படிக் கற்றவர்களில் ஸைதும் ஒருவர். அவருடைய தந்தையைப் பறித்தது ஒரு போர். இன்னொரு போரில் பிடிபட்டவர்கள் அவருக்கு எழுத்தைத் தந்து போனார்கள்.

யூதர்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்துக்கு அதுவரை பிறரையே நம்ப வேண்டியிருந்தது. அவர்களுடைய எழுத்தைக் கற்கும்படி நபியவர்கள் ஸைதைப் பணித்தார்கள். அரை மாதத்துக்குள் கற்றுவிட்டதாக அவரே கூறியதை ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதீ பதிவு செய்கிறார். சுர்யானி மொழியைப் பதினேழு நாட்களில் கற்றதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. தமக்குத் தெரியாத மொழியைக் கற்பது மார்க்கக் கடமையாகவே அவர் கையில் கொடுக்கப்பட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

எலும்பில் ஒரு பிளவு

நபியவர்களின் அண்டை வீட்டுக்காரர் ஸைத். வஹீ என்னும் இறைச்செய்தி இறங்கியதும் நபியவர்கள் ஆள் அனுப்பி அழைப்பார்கள். அவர் மையும் எலும்பும் பலகையுமாக வந்து அமர்வார். வஹீயை எழுதியவர்கள் பலர் இருந்தார்கள். மதீனாவில் அந்தப் பணியில் மிகுதியாக ஈடுபட்டவர் இவர்.

அந்நாளின் ஒரு காட்சியை அவரே பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். நபியவர்களின் அருகில் அமர்ந்திருந்தார். அவர்களுடைய தொடை ஸைதின் தொடைமேல் இருந்தது. வஹீயின் நிலை அவர்களைச் சூழ்ந்தபோது அந்தத் தொடையின் கனம் தாங்காமல் தம் எலும்பு நொறுங்கிவிடுமோ என்று அஞ்சினார். நிலை நீங்கியதும் எழுதச் சொன்னார்கள். வீட்டிலிருப்போரைவிட அறப்போரில் ஈடுபடுவோர் உயர்ந்தவர்கள் என்று கூறும் அந்நிஸா அத்தியாயத்தின் 95 ஆம் வசனம் அது. விலங்கின் தோள்பட்டை எலும்பு ஒன்றில் எழுதினார்.

அங்கே அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) இருந்தார். பார்வையற்றவர். வசனத்தைக் கேட்டதும் எழுந்து, போருக்குப் போக இயலாதவர்களின் நிலை என்னவென்று கேட்டார். மீண்டும் வஹீயின் நிலை. மீண்டும் அதே கனம். பிறகு எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். உடற்குறை உள்ளவர்களுக்கு விலக்கு அளிக்கும் சிறு தொடர் ஒன்றை அங்கே சேர்க்கச் சொன்னார்கள். ஸைத் சேர்த்தார். எலும்பிலிருந்த ஒரு பிளவின் அருகே தாம் அதைச் சேர்த்த இடம், பல ஆண்டுகள் கழித்தும் கண்முன் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். அபூதாவூதில் இந்த அறிவிப்பு இருக்கிறது.

எழுதிய சொல்லோடு எழுதிய இடத்தையும், அந்த எலும்பின் பிளவையும் நினைவில் வைத்திருந்த மனிதர் இவர். பார்வையற்ற ஒருவரின் ஏக்கத்துக்கு வானிலிருந்து வந்த மறுமொழியை எழுதிய கை அது. அந்தக் கைக்கு அலட்சியம் எப்படி வரும்?

மலையினும் பாரமான பணி

கி.பி. 632 இல் நபியவர்கள் மறைந்தார்கள். பனூ சாயிதா கூடத்தில் அடுத்த தலைவர் யார் என்ற விவாதம் எழுந்தபோது, மதீனத்து அன்ஸாரியான ஸைத் தம் குலத்துக்காக வாதாடவில்லை. நபியவர்கள் மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களில் ஒருவர். தலைவரும் அவர்களிலிருந்தே வரட்டும். நபிக்கு உதவியாளர்களாக இருந்ததுபோல் அவருக்கும் இருப்போம் என்ற கருத்தைச் சொல்லி அபூபக்ர் (ரலி) அவர்களின் கையைப் பற்றினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று அளவில்.

அடுத்து யமாமா போர். பொய்த்தூதன் முஸைலிமாவுக்கு எதிரான அந்தப் போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் வீழ்ந்தார்கள். குர்ஆனை யாரிடம் கற்க வேண்டும் என்று நபியவர்கள் பெயர் சொன்ன நால்வரில் ஒருவரான சாலிம் (ரலி) அங்கே ஷஹீதானார். ஸைதின் அண்ணன் யஸீதும் அந்தப் போரில் உயிர் நீத்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

உமர் (ரலி) கலங்கினார். இப்படியே போர்கள் தொடர்ந்தால் குர்ஆனின் பகுதிகள் மனிதர்களோடு போய்விடுமே. ஒரே தொகுப்பாகத் திரட்டிவிடுங்கள் என்று, கலீஃபாவாகிவிட்ட அபூபக்ர் அவர்களிடம் வலியுறுத்தினார். நபியவர்கள் செய்யாத ஒன்றை நாம் எப்படிச் செய்வது என்று அவர் தயங்கினார். பிறகு மனம் தெளிந்து ஸைதை அழைத்தார். அவரைத் தேர்ந்ததற்கான காரணங்களையும் சொன்னார்: இளைஞர், அறிவாளி, எவரும் குறை சொல்ல முடியாத நேர்மையாளர், நபியவர்களுக்காக வஹீயை எழுதியவர். இன்று ஒரு பெரும் பொறுப்புக்கு ஆள் தேடும் எந்த நிறுவனமும் இந்த நான்கையும் சுவரில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

ஸைதும் முதலில் அதே கேள்வியைத்தான் கேட்டார்: நபியவர்கள் செய்யாததையா? ஒரு மலையை இடம் பெயர்க்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று பின்னாளில் நினைவுகூர்ந்தார். புகாரீயில் இந்த நீண்ட அறிவிப்பு முழுமையாக உள்ளது.

அவர் நினைத்திருந்தால் தம் வீட்டில் அமர்ந்து, மனத்திலிருந்ததை முதலிலிருந்து கடைசிவரை எழுதி முடித்திருக்கலாம். அவருக்குக் குர்ஆன் மனப்பாடம். எழுதியவரும் அவரே. கலீஃபாவின் ஆணையும் கையில் இருந்தது. ஆனாலும் அவர் தேடிப் புறப்பட்டார். பேரீச்ச மட்டைகளிலிருந்தும், மெல்லிய கற்பலகைகளிலிருந்தும், மனிதர்களின் நெஞ்சங்களிலிருந்தும் திரட்டினார். பள்ளிவாசல் வாயிலில் உமரும் ஸைதும் அமர்ந்து, இரண்டு சாட்சிகளோடு கொண்டுவரப்படுவதை மட்டுமே எழுத வேண்டும் என்று அபூபக்ர் பணித்ததாக இன்னோர் அறிவிப்பு சொல்கிறது. அந்த ஏடு நபியவர்களின் முன்னிலையில் எழுதப்பட்டது என்பதற்கே இரு சாட்சிகள் கேட்கப்பட்டார்கள் என்று அறிஞர்கள் சிலர் விளக்குகிறார்கள். மனனமும் எழுத்தும் ஆகிய இரண்டுமே அந்தச் சாட்சிகள் என்பது இப்னு ஹஜர் எடுத்துக்காட்டும் விளக்கங்களில் ஒன்று.

அத்தவ்பா அத்தியாயத்தின் கடைசிப் பகுதி எழுத்தில் எங்கும் கிடைக்கவில்லை. அந்த வசனங்கள் ஸைதுக்குத் தெரியும். தேடுவதற்கே தெரிந்திருக்க வேண்டுமல்லவா? தெரிந்தும், எழுத்துச் சான்று கிடைக்கும்வரை தேடினார். அபூ குஸைமா அல்அன்சாரி (ரலி) அவர்களிடம் அது கிடைத்தது. தெரிந்ததையும் சாட்சியோடுதான் எழுதுவேன் என்ற அந்தப் பிடிவாதத்தில்தான் அவருடைய முழு ஆளுமையும் இருக்கிறது.

திரட்டிய ஏடுகள் அபூபக்ர் அவர்களிடமும், அவருக்குப் பின் உமர் அவர்களிடமும், அதன் பின் உமரின் மகளும் நபியவர்களின் துணைவியுமான ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமும் இருந்தன.

நால்வர் குழு

முதல் தொகுப்புக்குச் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், உஸ்மான் (ரலி) ஆட்சிக் காலம். அர்மீனியா, அஸர்பைஜான் போர்முனைகளில் ஷாம் நாட்டினரும் இராக்கியரும் ஒன்றாக நின்றபோது, ஓதும் முறையில் ஒருவரை ஒருவர் மறுத்துச் சண்டையிட்டார்கள். அதைக் கண்ட ஹுதைஃபா இப்னுல் யமான் (ரலி) மதீனாவுக்கு விரைந்து, இந்தச் சமுதாயம் பிளவுபடுவதற்கு முன் காப்பாற்றுங்கள் என்று முறையிட்டார்.

உஸ்மான், ஹஃப்ஸாவிடமிருந்த ஏடுகளை வரவழைத்தார். படியெடுக்க நால்வரை அமர்த்தினார். ஸைத், அப்துல்லாஹ் இப்னு ஸுபைர், ஸயீத் இப்னுல் ஆஸ், அப்துர் ரஹ்மான் இப்னுல் ஹாரிஸ். ஸைத் ஒருவர்தான் மதீனத்து அன்ஸாரி. மற்ற மூவரும் குறைஷியர். கருத்து மாறுபட்டால் குறைஷி வழக்கிலேயே எழுதுங்கள் என்பது கலீஃபாவின் கட்டளை. பேழையைக் குறிக்கும் தாபூத் என்ற சொல்லின் கடைசி எழுத்தில் கருத்து வேறுபாடு வந்தபோது ஸைத் மதீனத்து வழக்கைச் சொன்னார். குறைஷியர் தம் வழக்கைச் சொன்னார்கள். கலீஃபாவிடம் போனது. குறைஷி வழக்கே எழுதப்பட்டது. முதல் தொகுப்பைத் திரட்டிய மூத்தவர் நான் என்று ஸைத் உரிமை கொண்டாடவில்லை.

இந்த முறையும் ஒரு தேடல் நிகழ்ந்தது. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஒரு வசனம், நபியவர்கள் ஓதத் தாம் கேட்டிருந்தது, எழுத்தில் கிடைக்கவில்லை. குஸைமா இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் கிடைத்தது. ஒருமுறை குதிரை வியாபாரம் ஒன்றில் நபியவர்களுக்காகச் சாட்சி சொன்னவர் அவர். அவருடைய ஒற்றைச் சாட்சியம் இருவரின் சாட்சியத்துக்குச் சமம் என்று நபியவர்கள் அறிவித்திருந்தார்கள்.

படிகள் பெருநகரங்களுக்கு அனுப்பப்பட்டன. ஹஃப்ஸாவின் ஏடுகள் அவரிடமே திருப்பித் தரப்பட்டன.

எதிர்ப்பு இல்லாமல் இது நடந்துவிடவில்லை. கூஃபாவிலிருந்த அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) மனம் வருந்தினார். ஸைத் சிறுவர்களோடு விளையாடிக்கொண்டிருந்த நாளிலேயே எழுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களை நபியவர்களின் வாயிலிருந்து நேரடியாகக் கற்றவன் நான் என்று சொன்னார். அவர் சொன்னது உண்மை. அவருடைய சிறப்பை எவரும் மறுக்க முடியாது. அபூபக்ர் காலத் தொகுப்பை முன்பே செய்து முடித்தவர், மதீனாவிலேயே இருந்தவர் என்ற காரணங்களால் பொறுப்பு ஸைதிடம் போனது. உஸ்மான் செய்தது நபித்தோழர்களைக் கலந்தே செய்யப்பட்டது, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்று அலீ (ரலி) சொன்னதாக அறிவிப்பு உள்ளது. பெரியவர்களின் கருத்து வேறுபாட்டை மறைக்காமல் பதிவு செய்து வைத்த சமுதாயம் நம் முன்னோர்களுடையது. அதுவும் அமானிதமே.

பங்கின் கணக்கு

ஸைத் (ரலி) அவர்களின் இன்னொரு துறை பராயிள் என்னும் வாரிசுரிமைச் சட்டம். தம் சமுதாயத்தில் அதை அதிகம் அறிந்தவர் ஸைத் என்று நபியவர்களே குறிப்பிட்டதாகத் திர்மிதீயில் இருக்கிறது.

ஒரு சிக்கலான வழக்கைப் பாருங்கள். ஒருவர் இறக்கிறார். தந்தை முன்பே காலமாகிவிட்டார். தந்தையின் தந்தை உயிரோடு இருக்கிறார். உடன்பிறந்த சகோதரர்களும் இருக்கிறார்கள். சொத்து யாருக்கு? பாட்டனார் தந்தையின் இடத்தில் நிற்கிறார், சகோதரர்களுக்குப் பங்கில்லை என்பது அபூபக்ர், இப்னு அப்பாஸ் (ரலி) ஆகியோரின் கருத்து. உமர் (ரலி) இதில் நெடுங்காலம் தெளிவு தேடினார்.

ஒருநாள் உமர், கலீஃபாவாக இருந்தபோதே, ஸைதின் வீடு தேடி வந்தார். ஸைதுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். சொல்லி அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேனே என்று ஸைத் பதறினார். தேவை என்னுடையது, அதனால் நான் வந்தேன் என்றார் உமர். ஸைத் ஒரு மரத்தை உவமையாகக் காட்டினார். அடிமரத்திலிருந்து ஒரு கிளை பிரிகிறது. கிளையிலிருந்து இரண்டு கொம்புகள் பிரிகின்றன. பாட்டனார் அடிமரம், தந்தை கிளை, சகோதரர்கள் கொம்புகள். ஒரு கொம்பை வெட்டினால் அதன் சாறு அடுத்த கொம்புக்கும் போகத்தானே செய்யும்?

ஆகவே இருசாராரையும் சேர்த்தே பங்கிட்டார். ஒரு சகோதரர் மட்டும் இருந்தால் பாட்டனாருக்கும் அவருக்கும் பாதிப் பாதி. நான்கு சகோதரர்கள் இருந்தால் சமமாகப் பங்கிடும்போது பாட்டனாருக்கு ஐந்தில் ஒன்றுதான் கிடைக்கும். அவருக்கு அது குறைவு. எனவே அவருக்கு மூன்றில் ஒன்று; மீதமுள்ள மூன்றில் இரண்டைச் சகோதரர்கள் நால்வரும் பிரித்துக்கொள்ள, ஆளுக்கு ஆறில் ஒன்று. முதியவருக்குப் பங்கு ஒரு வரம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இளையவர்களும் வெறுங்கையோடு போகக் கூடாது. வேறு பங்காளிகள் இல்லாத வழக்குக்கான கணக்கு இது.

இமாம் ஷாஃபிஈ வாரிசுரிமையில் ஸைதின் வழியையே தேர்ந்தெடுத்தார். மதரஸாக்களில் மாணவர்கள் ஓதும் ரஹபிய்யா என்னும் பாடநூல் அந்த வழியில் அமைந்ததுதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்கள் சொத்துப் பிரிக்க அமரும்போது, பெயர் சொல்லாமலேயே ஸைதின் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) ஷஹீதானார். அவருடைய சொத்து முழுவதையும் சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவை இரண்டு பெண்மக்களோடு நபியவர்களிடம் வந்து முறையிட்டார். அதன் பின்னரே வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, மீதியே சகோதரருக்கு என்று தீர்ப்பானது. அதே ஸஅதின் மகள் ஒருவரைத்தான் ஸைத் மணந்தார். அவர்களுடைய மகன் காரிஜா, மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களில் ஒருவரானார். பெண்ணின் பங்குக்காக எழுந்த குரல் ஒலித்த குடும்பத்தோடு சம்பந்தம் கொண்டவர் பராயிளின் பேரறிஞர். அவர் வகுத்த வழியைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே சகோதரியின் பங்கைக் கொடுக்காமல் இழுத்தடிப்பவர்கள் அவருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

அறிஞருக்குரிய ஒழுக்கம்

உமருக்கும் உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கும் ஒரு வழக்கு. இருவரும் ஸைதின் வீட்டுக்கே தீர்ப்புக் கேட்டு வந்தார்கள். ஸைத் கலீஃபாவுக்குத் தனி இடம் கொடுத்தார். இது உம்முடைய முதல் அநீதி என்று சொல்லிவிட்டு, உமர் தம் எதிர்வாதியின் அருகிலேயே அமர்ந்தார். சத்தியம் செய்வதிலிருந்து கலீஃபாவுக்கு விலக்கு அளிக்குமாறு ஸைத் உபையிடம் கேட்டார். உமர் அதையும் ஏற்காமல் சத்தியம் செய்தார். ஆட்சியாளரும் சாமானியரும் ஸைதின் கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை அவர் நீதிபதிப் பொறுப்புக்கு வர முடியாது என்றும் சொன்னார். ஸைதின் சறுக்கலையும் வரலாறு மூடி மறைக்கவில்லை. கண்டித்த உமரே பயணம் போகும்போதெல்லாம் மதீனாவின் பொறுப்பை ஸைதிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். திருத்தத்தைத் தாங்கிக்கொண்டவர்மீது நம்பிக்கை குறையாது.

அவரிடம் யாராவது மார்க்கத் தீர்ப்புக் கேட்டால், இது நடந்துவிட்டதா என்று முதலில் கேட்பார். நடக்கவில்லை என்றால், நடக்கும்வரை விட்டுவிடுங்கள் என்பார். கற்பனைக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பெருமை தேடவில்லை.

ஒருமுறை அவர் வாகனத்தில் ஏறியபோது நபியவர்களின் சிறிய தந்தையின் மகன் இப்னு அப்பாஸ் (ரலி) சேணத்தின் வளையத்தைப் பிடித்துக்கொண்டார். ஸைத் தடுத்தார். அறிஞர்களிடம் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்றார் அவர். ஸைத் அவருடைய கையை எடுத்து முத்தமிட்டு, நபியின் குடும்பத்தாரிடம் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்றார். ஹிஜ்ரி 45 இல் ஸைத் மறைந்தார் என்பது பரவலான கருத்து. அடக்கம் முடிந்தபின், கல்வி இப்படித்தான் மறைகிறது, இன்று பெருங்கல்வி மண்ணுக்குள் போனது என்று இப்னு அப்பாஸ் வருந்தினார்.

நம் கடமை

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வஹீயைத் தம் கையால் எழுதியவர், அதை நெஞ்சில் சுமந்தவர், சாட்சி இல்லாமல் ஒரு வரியையும் ஏற்கவில்லை. நாமோ யார் சொன்னது, எங்கே எழுதப்பட்டது என்று பாராமல், மார்க்கத்தின் பெயரால் வரும் செய்திகளை ஒரு விரல் அசைவில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். வரலாற்றின் பெயராலும் மருத்துவத்தின் பெயராலும் வருபவற்றையும் அப்படியே அனுப்புகிறோம். இனி எதையும் பிறருக்குச் சொல்லும் முன் மூலத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களைவிட நன்றாகப் படித்தவர் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஸைத் (ரலி) அவர்களைப் புகழ்வது எளிது. அவரைப் போல இரண்டு சாட்சிகளைத் தேடிப் போவதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அதைச் செய்வோம்.